கேப்டன் முல்லா ஏன் குக்ரியை விட்டு இறங்கவில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: 1971 போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட ஐஎன்எஸ் குக்ரியின் கேப்டன் மகேந்திர நாத் முல்லா, தப்பிக்க வழி இருந்தும் கப்பலோடு போய்விட்டார் என்கிறார்களே, கேப்டன் கப்பலோடு சாக வேண்டும் என்று கடற்படையில் விதி உண்டா, அது தேவையான சாவுதானா, அந்த நீர்மூழ்கி பிறகு என்ன ஆனது? இதற்குள் நீங்கள் நேரடியாகக் கேட்கத் தயங்கிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கப்பல் போனதில் அவருடைய தவறும் உண்டா, அந்தப் பாரம் தாங்காமல்தான் அவர் இறங்க மறுத்தாரா என்பது அது. இணையத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் எழுதுகிறார்கள். கப்பல் ஏன் தாக்கப்பட்டது என்பது ஒரு விஷயம். தாக்கப்பட்ட பிறகு கிடைத்த சில நிமிடங்களில் அவர் என்ன செய்தார் என்பது வேறு விஷயம்.

முதலில் விதியை முடித்துவிடலாம். அப்படி ஒரு விதி கிடையாது. இந்தியக் கடற்படைச் சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கப்பலை இழப்பவருக்கு அதில் தண்டனை உண்டு. கப்பலோடு மூழ்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. மற்ற கடற்படைகளிலும் பொதுவாக அப்படி விதி இல்லை. நடைமுறையில் இருப்பது வேறு: தன் பொறுப்பில் உள்ளவர்கள் வெளியேற ஆக வேண்டியதைச் செய்து முடிக்கும் முன் கேப்டன் இறங்கக் கூடாது. 2012இல் கோஸ்டா கான்கார்டியா பயணிகள் கப்பல் இத்தாலியக் கரையோரம் சாய்ந்தபோது அதன் கேப்டனுக்கு 16 ஆண்டு சிறை கிடைத்தது. உயிர் பிழைத்ததற்காக அல்ல; விபத்துக்குக் காரணமானதற்கும், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கப்பலை விட்டுப் போனதற்கும். கடைசி வரை நின்று, பிறகு தண்ணீரிலிருந்து தூக்கப்பட்ட கேப்டன்கள் ஏராளம். 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஒரே பகலில் மூழ்கடித்தன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கேப்டன் லீச் இறந்துபோனார். ரிபல்ஸின் கேப்டன் டென்னன்ட் தண்ணீரிலிருந்து மீட்கப்பட்டு, பின்னாளில் அட்மிரல் வரை உயர்ந்தார். இருவரையும் கடற்படை ஒரே மரியாதையோடுதான் நடத்தியது. நம் பக்கத்துக் கடலிலும் ஒரு உதாரணம் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸின் கேப்டன் ஆன்ஸ்லோவும் கப்பலோடு போனவர்தான். ஆக, முல்லா பிழைத்து வந்திருந்தால் யாரும் அவரைக் கோழை என்று சொல்லியிருக்க முடியாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும்; 23 வருட சர்வீஸ் உள்ளவர்.

முல்லா 1926 மே 15 அன்று உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் பிறந்தார். வக்கீல்களும் நீதிபதிகளும் நிறைந்த காஷ்மீரி பண்டிட் குடும்பம். 1948 மே 1 அன்று அதிகாரியாக நியமனம் பெற்றார். நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம், கடற்படையே பிரிவினையில் பிய்ந்து போயிருந்தது. லண்டனில் இந்தியத் தூதரகத்தில் துணைக் கடற்படை ஆலோசகர், மும்பையின் கரைத்தளமான ஐஎன்எஸ் ஆங்கரேயின் தலைவர் என்று கடலிலும் கரையிலும் மாறி மாறி வேலை பார்த்தவர். 1971இல் குக்ரியின் கேப்டன் பொறுப்போடு 14ஆவது ஃபிரிகேட் ஸ்குவாட்ரனின் (நடுத்தரப் போர்க்கப்பல்களின் தொகுதி) மூத்த அதிகாரி பொறுப்பும் அவரிடம் இருந்தது. இதைக் கவனியுங்கள்: அவர் ஒரு கப்பலுக்கு மட்டும் கேப்டன் இல்லை. குக்ரி, கிர்பான், குத்தார் என்ற மூன்று கப்பல்களும் எங்கே, எந்த வேகத்தில், எந்த வடிவில் தேட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர். அந்த டிசம்பரில் மூன்றுகூட இல்லை. குத்தாரின் பாய்லர் அறையில் வெடிப்பு ஏற்பட்டு அதை மும்பைக்கு இழுத்து வர வேண்டியதாகிவிட்டது. மிஞ்சியது இரண்டு.

இந்த மூன்றும் பிரிட்டனின் டைப் 14 ரகம், பிளாக்வுட் வகை என்பார்கள். குக்ரியைக் கட்டியது வைட் தீவின் கௌஸ் நகரத்து ஜே. சாமுவேல் வைட் கம்பெனி. 1958இல் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 94 மீட்டர், அகலம் 10 மீட்டர், முழுச் சுமையில் சுமார் 1,450 டன். ஒரே ஒரு புரொபெல்லர், 15,000 குதிரைத்திறன் நீராவி டர்பைன், உச்ச வேகம் 27 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்), அதற்கும் கொஞ்சம் மேல். நீர்மூழ்கி வேட்டைக்கென்றே சிக்கனமாகக் கட்டப்பட்ட கப்பல். பெரிய பீரங்கி கிடையாது, 40 மி.மீ. போஃபர்ஸ் துப்பாக்கிகள் மட்டும். முக்கிய ஆயுதம் லிம்போ என்ற மூன்று குழல் மார்ட்டர், இரண்டு. ஒவ்வொரு குண்டும் 177 கிலோ. ஆனால் அதன் வீச்சு 900 மீட்டர் சொச்சம்தான். அதாவது நீர்மூழ்கியின் தலைக்கு ஏறக்குறைய மேலேயே போய்த்தான் அடிக்க முடியும்.

எதிரே இருந்தது பாகிஸ்தானின் ஹங்கோர். பிரான்சில் கட்டிய டாஃப்னே வகை. 1969 டிசம்பரில்தான் சேர்ந்தது, போர் தொடங்கும்போது இரண்டே வயது. மூழ்கிய நிலையில் ஆயிரம் டன் சொச்சம், 58 மீட்டர் நீளம், முன்னால் 8, பின்னால் 4 என்று 12 டார்பிடோ குழல்கள், 300 மீட்டர் ஆழம் வரை இறங்கும். கமாண்டர் அகமது தஸ்னீம் அதன் தலைவர். போர் அறிவிப்புக்கு முந்தைய இரவு இந்திய மேற்குக் கடற்படைத் தொகுதி இதன் தலைக்கு மேலேயே கடந்து போயிருக்கிறது. சுட உத்தரவு இல்லாததால் விட்டுவிட்டார்கள். பிறகு அதன் ஏர்கண்டிஷனிங் கெட்டுப்போய், கடல்மேல் வந்து மீன்பிடிப் படகுபோல நின்று ஒன்றரை நாள் பழுது பார்த்திருக்கிறார்கள். குளிர்சாதனத்துக்கு இவ்வளவு ஆபத்தைத் தாங்க வேண்டுமா என்று தோன்றும். நீர்மூழ்கிக்குள் அது ஆட்களின் சொகுசுக்காக மட்டும் இல்லை. ஈரமும் சூடும் ஏறினால் மின்கருவிகள் செயலிழக்கும், போர் செய்யவே முடியாது.

ஹங்கோர் வானொலியில் அனுப்பிய செய்தியை இந்தியத் தரப்பு ஒட்டுக்கேட்டு, அது குஜராத் கரையோரத் தீவான டையூவுக்குத் தென்மேற்கே இருக்கிறது என்று திசை கண்டுபிடித்தது. அந்த நீர்மூழ்கியை வேட்டையாடும் வேலை முல்லாவின் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. கையில் இருந்த இரண்டு கப்பல்களோடு அவர் போனார்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி: தவறு யாருடையது? சோனார் என்றால் என்ன என்று கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் இதற்கு நியாயமாகப் பதில் சொல்ல முடியும். டைப் 174, டைப் 170 என்ற குக்ரியின் சோனார்கள் 'பிங்' என்று ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்பவை. கடல்நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். 2 கிலோமீட்டரில் இருக்கும் நீர்மூழ்கியில் பட்டுத் திரும்ப 2.7 நொடி ஆகும். போகும்போதும் சக்தி சிதறும், வரும்போதும் சிதறும். ஆனால் நீர்மூழ்கிக்கோ அந்த ஒலி ஒருவழிப் பயணம் வந்தால் போதும். குக்ரி வகைக் கப்பல் நல்ல சூழ்நிலையில் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் நீர்மூழ்கியைப் பிடிக்கும் என்றால், நீர்மூழ்கி அதற்குப் பல மடங்கு தூரத்திலேயே கப்பலின் பிங்கையும் புரொபெல்லர் சத்தத்தையும் கேட்டுவிடும். இருட்டு மைதானத்தில் டார்ச் அடித்துத் தேடுபவனை, டார்ச் இல்லாமல் நிற்பவன் முதலில் பார்ப்பது மாதிரிதான்.

இதோடு அரபிக்கடலின் குணம் சேர்கிறது. வெதுவெதுப்பான மேல்நீரும் அடியில் குளிர்ந்த நீரும் அடுக்கடுக்காக இருந்தால் ஒலி நேராகப் போகாமல் வளையும். நீர்மூழ்கி அந்த அடுக்குக்குக் கீழே இருந்தால் பிங் அதன்மேல் படாமலே போகலாம். சௌராஷ்டிராக் கரைக்கு வெளியே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை, அகலமானது; கடல் தரையிலிருந்தே எதிரொலி குவிந்து வரும். சோனார் ஆபரேட்டர் காதில் கேட்பதில் எது நீர்மூழ்கி, எது தரை, எது மீன்கூட்டம் என்று பிரிப்பது பெரும்பாடு. இதையெல்லாம் சமாளிக்க ஒரு முயற்சியும் குக்ரியில் நடந்துகொண்டிருந்தது. லெப்டினன்ட் வி. கே. ஜெயின் என்ற இளம் அதிகாரி அந்தச் சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்டும் மாற்றம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கப்பல் மெதுவாகப் போக வேண்டும், ஏனென்றால் வேகம் கூடினால் கப்பலின் உடலை உரசிப் போகும் தண்ணீரின் இரைச்சலே சோனாரின் காதை அடைத்துவிடும். அன்று மாலை குக்ரி சுமார் 12 நாட்டில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

வேகத்தைக் குறைத்தால் தூரமாகக் கேட்கும். ஆனால் எதிரிக்கு நீ நல்ல இலக்கு. வேகத்தைக் கூட்டி வளைந்து வளைந்து போனால் டார்பிடோ குறி வைப்பது கடினம். ஆனால் நீ செவிடு. நீர்மூழ்கி வேட்டைக்குப் போகும் எந்தக் கேப்டனும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முல்லா கேட்பதைத் தேர்ந்தெடுத்தார். அது தவறான தேர்வு என்று பின்னால் வந்த விமர்சகர்கள் சொல்கிறார்கள், உயிர் பிழைத்தவர்களிலும் சிலர் அப்படிச் சொன்னதுண்டு. அந்தக் குரல்களை ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம்; அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் என் தீர்ப்பைக் கேட்டால், தவறின் பெரும்பங்கு அந்த இரவுக்கு வெகு முன்பே செய்யப்பட்டுவிட்டது என்பேன். டாஃப்னே வகை நீர்மூழ்கிக்கு எதிராக, அதைவிடப் பாதி தூரம்கூடக் கேட்காத இரண்டு கப்பல்களை, மேலே விமானத்தின் நெருங்கிய துணை இல்லாமல் அனுப்பியதில்தான் அது இருக்கிறது. நீர்மூழ்கித் தேடலுக்கான அலிஸே விமானங்களில் பல, விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தோடு வங்காள விரிகுடாவில் இருந்தன. கயிற்றில் சோனாரைத் தொங்கவிட்டுத் தேடும் சீ கிங் ஹெலிகாப்டர்கள் அந்த வருடம்தான் கடற்படைக்கு வந்திருந்தன. இருந்ததை வைத்து வேலை செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார்.

பாகிஸ்தான் தரப்பில் சொல்வதன்படி, டிசம்பர் 9 காலையிலேயே ஹங்கோர் இரண்டு கப்பல்களின் சத்தத்தைப் பிடித்துவிட்டது. கப்பல்கள் வேகமாகப் போனதால் கிட்டே நெருங்க முடியவில்லை. ஆனால் அவை செவ்வக வடிவில் சுற்றிச் சுற்றித் தேடுகின்றன என்று கண்டுகொண்டு, அடுத்த சுற்றில் எங்கே வரும் என்று கணக்குப் போட்டு, மாலையில் அந்தப் பாதையில் போய்க் காத்திருந்தது. ஒழுங்கான வடிவத்தில் தேடினால் ஓர் இடமும் விட்டுப்போகாது; ஆனால் ஒழுங்கே எதிரிக்கு நேர அட்டவணையாகவும் ஆகிவிடும். இரவில் பெரிஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை, கப்பல்கள் விளக்கணைத்திருந்தன. அதனால் தஸ்னீம் சுமார் 40 மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு சோனாரை மட்டும் நம்பிச் சுட்டார். முதல் டார்பிடோ கிர்பானை நோக்கி. அது கப்பலுக்கு அடியில் வெடிக்காமலே போய்விட்டது. இரண்டாவது குக்ரியை நோக்கி.

நேரம் பற்றி ஒரு குறிப்பு, பலர் குழம்புவதால் சொல்கிறேன். முல்லாவுக்கு இறந்த பின் கிடைத்த மகாவீர் சக்ரா என்ற போர்க்கால வீர விருதின் பத்திரம், குக்ரி தாக்கப்பட்டது இரவு 8.50 என்கிறது. பாகிஸ்தான் பதிவில் முதல் டார்பிடோ ஏவியது 7.57. இரண்டும் முரண்படுவதாகச் சிலர் எழுதுகிறார்கள். மேற்குப் பாகிஸ்தான் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால் ஓடுவது. அதைக் கூட்டினால் 8.27 ஆகிறது, முதல் டார்பிடோ தவறி, இரண்டாவதற்குத் தயாராகி, அது ஓடிச் சேர்ந்த நேரத்தையும் சேர்த்தால் பெரிய இடைவெளி மிஞ்சாது.

எத்தனை டார்பிடோ பட்டது என்பதில்தான் உண்மையான வேறுபாடு. பாகிஸ்தான் தரப்பு ஒன்று என்கிறது. இந்தியத் தரப்பில் பன்மையில்தான் எழுதியிருக்கிறார்கள்; பிழைத்தவர்களில் பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட வெடிப்பைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க வழி உண்டு. டார்பிடோ கப்பலின் பக்கவாட்டில் ஓட்டை போடுவதைவிட அடிமரத்துக்குக் கீழே வெடிப்பதுதான் கொடியது. வெடிப்பின் வாயுக்குமிழி கப்பலின் நடுப்பகுதியைத் தூக்கும். அடுத்த நொடி குமிழி சுருங்கும்போது நடுவில் தாங்க ஒன்றும் இல்லாமல் கப்பலின் முதுகெலும்பே முறியும். அதைத் தொடர்ந்து எண்ணெய்த் தொட்டியோ வெடிமருந்து அறையோ பாய்லரோ வெடித்தால், உள்ளே இருப்பவனுக்கு அது இரண்டாவது டார்பிடோவாகத்தான் தெரியும். 1,450 டன் கப்பலுக்கு ஒன்றே தாராளம்.

எவ்வளவு நேரத்தில் மூழ்கியது? இரண்டு நிமிடம் என்பது முதல் சில நிமிடங்கள் என்பது வரை சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பத்து நிமிடத்துக்குள். முல்லாவின் கடைசிச் செயல்கள் எல்லாவற்றையும் இந்தச் சின்ன அளவுக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். சினிமாவில் வருவதுபோல யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருந்த இடமில்லை அது.

உறுதியாகச் சொல்லக்கூடியது மகாவீர் சக்ரா விருதுப் பத்திரத்தில் இருப்பது. கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். ஆட்கள் வெளியேறுவதைப் பதற்றமில்லாமல், முறையாக மேற்பார்வை செய்தார். தன்னுடைய உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். முடிந்த அளவு ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கத் திரும்பவும் பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை நடத்தும் மேல்தள மேடைக்குப் போனார். கப்பலோடு கீழே போவதைப் பார்த்தார்கள். இவ்வளவுதான் அதிகாரபூர்வமாக உள்ளது. பிரிட்ஜில் அவரோடு இருந்த அதிகாரிகளை அவரே தள்ளிவிட்டுக் கடலில் குதிக்க வைத்தார் என்பது பிழைத்தவர்களின் வாக்குமூலத்திலிருந்து வருவது; நம்பத்தக்கது என்றே நினைக்கிறேன். ஆனால் தன் நாற்காலியில் அமர்ந்து சிகரெட் பற்றவைத்தபடி மூழ்கினார் என்ற காட்சி இருக்கிறதே, எல்லாக் கட்டுரைகளிலும் ஓவியங்களிலும் வருவது, அதை மேலே சொன்னவற்றோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பிழைத்தவர்களில் ஒருவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பார், இன்னொருவர் உட்கார்ந்திருந்தார் என்பார். இருட்டில், எண்ணெய் மிதக்கும் தண்ணீரில், சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலைத் திரும்பிப் பார்த்தவர்களின் நினைவு அது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு நொடியைப் பார்த்தார்கள்.

விருதுப் பத்திரத்தின் ஒரு வரிதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் என்று கருதுகிறேன்: இன்னும் என்ன மீட்பு வேலை செய்யலாம் என்று பார்க்கத் திரும்பிப் போனார். சாகப் போனார் என்று அது சொல்லவில்லை. உள்ளே எத்தனை பேர் சிக்கியிருந்தார்கள் என்று யோசித்தால் இது இன்னும் விளங்கும். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள், ஆக 194 பேர். பிழைத்தது 6 அதிகாரிகளும் 61 மாலுமிகளும். பிரிட்டனில் 150க்கும் குறைவானவர்களோடு ஓடிய கப்பல் ரகம் இது. அன்று இதில் 261 பேர். இரவு 8.45 ஆகாஷ்வாணிச் செய்தி கேட்க நிறையப் பேர் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மும்முரமாகப் போர் நடக்கும் வாரம். வீட்டுச் செய்தி, போர்ச் செய்தி எல்லாம் அந்த ஒரு வானொலியில்தான்.

கீழே இருப்பவன் மேலே வர என்ன ஆகும் என்று பாருங்கள். போர்க்கால நிலையில் நீர்புகாக் கதவுகளும், ஒரு தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏறும் வாயிலான ஹேட்ச்சின் மூடிகளும் இறுக்கி மூடப்பட்டிருக்கும். வெடித்த கணத்தில் மின்சாரம் போய்விடும். ஏணி ஒரு ஆள் அகலம், கிட்டத்தட்டச் செங்குத்து. கப்பல் சாயத் தொடங்கினால் ஏணி ஏணியாக இருக்காது. படிகள் பக்கச்சுவர் மாதிரி ஆகிவிடும். வெடிப்பு அதிர்ச்சியில் சட்டம் வளைந்துவிட்டால் ஹேட்ச் மூடி திறக்காது. திறந்தாலும் மேலே முட்டிக்கொண்டு நிற்பவர்கள் நகர்ந்தால்தான் அடுத்தவன் ஏறலாம். ஒருவர் ஏற மூன்று நொடி என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும், ஒரு வாயில் வழியாக நிமிடத்துக்கு 20 பேர். அதுவும் ஒழுங்காக நடந்தால். அந்த ஒழுங்கு தானாக வராது. மேலே நின்று 'நீ வா, நீ நில், நீ குதி' என்று சத்தம் போட ஒருவர் வேண்டும். பதற்றத்தில் ஹேட்ச் வாயில் அடைபட்டுப் போவதால் மூழ்கும் கப்பல்களில் இறந்தவர்கள் மிக அதிகம். முல்லா கடைசியில் செய்துகொண்டிருந்தது இந்த வேலைதான். அந்த 67 பேரில் எத்தனை பேர் அதனால் வெளியே வந்தார்கள் என்று எண்ணிச் சொல்ல இயலாது. ஆனால் ஒரு கேப்டன் முன்கூட்டியே குதித்திருந்தால் அந்த எண்ணிக்கை குறைந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்ததைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று. டிசம்பரில் குஜராத் கரையை ஒட்டிய கடல் வட அட்லாண்டிக் மாதிரி அரை மணியில் ஆளைக் கொல்லும் குளிர் இல்லை. பிழைத்தவர்கள் விடியும் வரையும் தாண்டியும் தண்ணீரிலும் ராஃப்ட் என்ற உயிர்காப்பு மிதவையிலும் கிடந்தார்கள். அங்கே ஆளைக் கொன்றது வேறு. கப்பல் இறங்கும்போது இழுக்கும் சுழல், கண்ணையும் மூக்கையும் வயிற்றையும் நிரப்பும் உலை எண்ணெய், வெடிப்பில் பட்ட காயம், பிறகு களைப்பு. எண்ணெய் பூசிய கை வழுக்கும். ராஃப்டின் கயிற்றைப் பிடித்து ஏறவே முடியாது. நீச்சல் தெரிந்தவனும் இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவான். மிதவைச் சட்டை இருந்தால் மயங்கிப்போனாலும் முகம் மேலே நிற்கும். அந்தச் சாதனத்தைக் கொடுத்தது தன் உயிர்வாய்ப்பில் பெரும்பகுதியைக் கொடுத்தது, அடையாளமாகச் செய்த காரியம் அன்று.

கிர்பானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பேசும்போதெல்லாம் 'நண்பனை விட்டு ஓடிய கப்பல்' என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். கிர்பான் அங்கிருந்து விலகிப் போனது உண்மை. அந்த முடிவைக் கடுமையாக விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் நீர்மூழ்கி பக்கத்திலேயே இருக்கும்போது ஆட்களைத் தூக்க நிற்கும் கப்பல் அடுத்த இலக்கு என்பது 1914 செப்டம்பர் 22 அன்று உலகம் கற்ற பாடம். அன்று பிரிட்டனின் அபூக்கிர் தாக்கப்பட்டது. உதவ வந்து நின்ற ஹோக் தாக்கப்பட்டது. அதற்கும் உதவ நின்ற கிரெஸ்ஸியும் தாக்கப்பட்டது. ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி, ஒரே காலைப்பொழுது, 1,400க்கு மேற்பட்ட சாவு. ஹங்கோர் கிர்பானை நோக்கி இன்னொரு டார்பிடோவும் ஏவியிருக்கிறது. அது பட்டு கிர்பான் சேதமானது என்பது பாகிஸ்தான் கூற்று. அதை ஏற்க முடியாது. ஐஎன்எஸ் கட்சாலுடன் சேர்ந்து கிர்பான் மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. அடி வாங்கிய டைப் 14 கப்பலால் அது முடியாது. பிழைத்த 67 பேரைக் கடலிலிருந்து எடுத்தவர்கள் அவர்கள்தான்.

அந்த நீர்மூழ்கி பிடிபடவில்லை. அடுத்த நான்கு நாட்களும் இந்தியக் கப்பல்களும் விமானங்களும் அதைத் தேடின. 156 ஆழ்நீர்க் குண்டுகள் தங்கள்மேல் போடப்பட்டதாக ஹங்கோரில் இருந்தவர்கள் எண்ணிச் சொன்னார்கள். அந்த எண் அவர்கள் காதில் கேட்டதை வைத்து வந்தது, நம் தரப்புக் கணக்கு இல்லை. இந்தத் தேடலுக்குக் கப்பல்களை ஒதுக்க வேண்டி வந்தது. தப்பிப் போன ஹங்கோர் கராச்சி சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு நீர்மூழ்கி போரில் மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் குக்ரி. சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பலும் அதுதான். தஸ்னீம் பின்னர் வைஸ் அட்மிரல் ஆனார். ஹங்கோரைச் சேவையிலிருந்து விலக்கிக் கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் பக்கம் முல்லாவுக்கு 2000இல் தபால்தலை வந்தது. டையூவில் சக்ரதீர்த் கடற்கரையை ஒட்டிய மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரியோடு நினைவிடம் இருக்கிறது. 1989இல் அதே பெயரில் வந்த புதிய குக்ரி 2021 டிசம்பரில் ஓய்வு பெற்று, அதையும் அருங்காட்சியகமாக வைக்க டையூவுக்கே கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அங்கே போனால் புதிய கப்பலைப் பார்த்து இதுதான் 1971இல் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நிறையப் பேர் அப்படித்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். பழைய குக்ரி இன்னும் டையூவிலிருந்து சுமார் 40 கடல் மைலில், 194 பேரோடு, கடலடியில்தான் இருக்கிறது.